அளந்ததைச் சொல்லுங்கள்!

இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல் (இயற்பியல்) மாணவர்

சென்ற ஆண்டு நம் கல்லூரித் தமிழ் மன்றத்தின் சார்பில் ஒரு சொற்போர் நடைபெற்றது. "நாட்டின் மின் தேவைக்கு அணுமின் நிலையங்கள் தேவையா, தேவையற்றவையா?" என்பது தலைப்பு. இயற்பியல் மாணவன் என்பதால் 'தேவையே' என்னும் அணியில் என்னைச் சேர்த்துவிட்டார்கள். நானும் மூன்று நாள் முயன்று மனப்பாடம் செய்துகொண்டு மேடை ஏறினேன். ஒரு கிராம் யுரேனியம்-235 முழுவதும் பிளவுற்றால் ஏறத்தாழ மூன்று டன் நிலக்கரியின் வெப்பம் கிடைக்கும் என்று முழங்கினேன். கைதட்டல் எழுந்தது. எனக்கும் பெருமைதான்.

கேள்வி நேரம் வந்தது. பின்வரிசையிலிருந்து முதலாண்டு மாணவர் ஒருவர் எழுந்தார். "அண்ணா, எங்க அண்ணன் கூடங்குளத்துல கட்டட வேலைக்குப் போயிருக்காரு. அந்த ஆலையிலேர்ந்து காத்துலயும் கடல்லயும் என்ன வருது, எவ்வளவு வருதுன்னு யாரு அளக்கறாங்க? அளந்தா, அதை அங்க இருக்கறவங்ககிட்டச் சொல்லுவாங்களா?"

என் மனப்பாடத்தில் அதற்கு விடை இல்லை. "எல்லாம் பாதுகாப்பாகத்தான் இருக்கிறது" என்று பொதுவாக ஒன்றைச் சொல்லிவிட்டு அமர்ந்தேன். பரிசு எங்கள் அணிக்கே கிடைத்தது. விடை மட்டும் அந்தத் தம்பிக்குக் கிடைக்கவில்லை.

அந்தக் கடனைத் தீர்க்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன். அணுமின் நிலையம் வேண்டுமா வேண்டாமா என்று மீண்டும் வழக்காட வரவில்லை. நிலையங்கள் இருக்கின்றன; இயங்குகின்றன; கூடங்குளத்தில் மேலும் உலைகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் அருகே வாழும் மக்களுக்கு நாம் எதைக் கடமைப்பட்டிருக்கிறோம் என்பதே என் கேள்வி.

வெளியே வருவது என்ன?

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்வோம். விபத்து ஏதுமின்றி ஒழுங்காக இயங்கும் அணு உலையிலிருந்தும் சிறிதளவு கதிரியக்கப் பொருள்கள் வெளியேறிக்கொண்டுதான் இருக்கின்றன. வரம்பு வகுத்து, அளவு குறித்து, உயர்ந்த புகைபோக்கி வழியாகக் காற்றிலும், குளிர்விக்கும் நீரோடு கலந்து கடலிலோ நீர்த்தேக்கத்திலோ அவை விடப்படுகின்றன.

கல்பாக்கத்தை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை 1983ஆம் ஆண்டிலும் இரண்டாம் உலை 1985ஆம் ஆண்டிலும் முதன்முதலாகத் தொடர்வினையை எட்டின. இரண்டும் கனநீர் உலைகள். கனநீரில் உள்ள டியூட்டீரியம் ஒரு நியூட்ரானை ஏற்றால் டிரிட்டியம் ஆகிறது. டிரிட்டியத்தின் அரை ஆயுட்காலம் 12.3 ஆண்டுகள். அது நீரோடு நீராகக் கலந்துவிடும். அது வீசும் பீட்டாக் கதிரோ மிக வலுவற்றது. நம் ஆய்வுக்கூடத்துக் கைகர் எண்ணியின் மெல்லிய சாளரத்தைத் தாண்டக்கூட அதற்கு வலு இல்லை. ஆகவே அதை அறிய, நீரை ஒளிரும் திரவத்தில் கலந்து, எழும் மினுக்கங்களை எண்ணும் தனிக் கருவி வேண்டும்.

இன்னொன்று ஆர்கான்-41. நாம் மூச்சிழுக்கும் காற்றில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு ஆர்கான். கல்பாக்கத்து உலைக்கலனைச் சூழ்ந்த அறையில் காற்று இருப்பதால், அந்த ஆர்கான் நியூட்ரானை ஏற்றுக் கதிரியக்கம் பெற்றுவிடுகிறது. அதன் அரை ஆயுள் இரண்டு மணி நேரத்திற்கும் குறைவு. எனினும் அந்த நேரத்திற்குள் காற்று வீசும் திசையில் அது ஊர்ப்பக்கம் வந்துவிடலாம். பின்னர் உத்தரப்பிரதேசத்து நரோராவிலும் அதற்குப் பின் வந்த கனநீர் உலைகளிலும் அந்த அறையில் காற்றுக்குப் பதிலாக நீரை நிரப்பினார்கள். ஆர்கான் வெளியேற்றம் வெகுவாகக் குறைந்தது. வெளியேறுவது எது என்று அளந்து அறிந்தால்தான், குறைக்கும் வழியும் புலப்படும்.

பின்னணியை மறவாதீர்!

நம் செய்முறை வகுப்பில் கைகர் எண்ணியைத் தொட்டவுடன் ஆசிரியர் செய்யச் சொல்லும் முதல் வேலை என்ன? கதிர்வீச்சு மூலத்தை அருகில் வைக்காமலேயே எண்ணச் சொல்வார். மூலம் இல்லை, ஆனாலும் கருவி 'டிக் டிக்' என்று எண்ணும். மண்ணிலும் விண்ணிலும் நம் உடம்பிலும் இயற்கையாகவே கதிரியக்கம் உண்டு. அந்தப் பின்னணி எண்ணிக்கையைக் கழித்த பிறகே மூலத்தின் கணக்கு வரும். முதல் முறை நான் அதைக் கழிக்க மறந்து, ஏட்டில் சிவப்பு மை வாங்கிக்கொண்டேன்.

அணுமின் நிலையத்திற்கும் இதே பாடந்தான். உலகில் ஒருவர் இயற்கையிலிருந்து ஆண்டொன்றுக்குப் பெறும் கதிர்வீச்சு சராசரியாக 2.4 மில்லிசீவர்ட். இடத்துக்கு இடம் இது மாறும். குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி மணலில் தோரியம் அடங்கிய மோனசைட் மிகுதி. அங்கே இயற்கையின் அளவே பன்மடங்கு உயர்ந்திருக்கும். கல்பாக்கத்துக் கடற்கரையிலும் அம்மணல் உண்டு. எனவே உலை வருவதற்கு முன்பே மண்ணையும் நீரையும் மீனையும் அளந்து வைக்கவேண்டும். அப்படி வைக்காவிட்டால், பின்னாளில் கூடியது எவ்வளவு, முன்பே இருந்தது எவ்வளவு என்று ஆலைக்காரரும் சொல்ல இயலாது; ஆலையை எதிர்ப்பவரும் சொல்ல இயலாது. நம் நாட்டில் இம்முன்னளவை எடுக்கப்படுகிறது. அணுமின் நிலையம் ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு சுற்றுச்சூழல் ஆய்வகம் உண்டு.

அளப்பது எப்படி?

அந்த ஆய்வகங்கள் செய்யும் வேலையைப் படித்தபோது எனக்கு வியப்பு ஏற்பட்டது. பால், அரிசி, காய்கறி, புல், மீன், கடல்நீர், கிணற்று நீர், மண், காற்று என்று எல்லாவற்றிலும் சிறிது எடுத்து வருகிறார்கள். ஊர்களில் ஆங்காங்கே சிறு வில்லைகளை மாட்டி வைக்கிறார்கள். தம்மேல் படும் கதிர்வீச்சை அவ்வில்லைகள் மாதக்கணக்கில் சேமித்துக்கொள்ளும். பிறகு சூடாக்கினால் அதற்கு ஏற்ற ஒளியை உமிழும். அந்த ஒளியை அளந்தால் அவ்வூர் பெற்ற அளவு தெரிந்துவிடும். அதோடு, காற்று எத்திசையில் எவ்வளவு வேகத்தில் வீசுகிறது என்பதையும் உயர்ந்த கோபுரத்தில் கருவி வைத்துக் குறிக்கிறார்கள். இவற்றைக் கொண்டு, அப்பகுதியில் மிகுதியாகக் கதிர்வீச்சுப் பெறக்கூடிய ஒருவருக்கு ஆண்டில் எவ்வளவு சேரும் என்று கணக்கிடுகிறார்கள்.

பாலுக்கு ஏன் இத்தனை முதன்மை? காற்றில் வந்த அயோடின்-131 புல்லில் படியும். பசு நாள் முழுவதும் பரந்த வெளியில் மேய்ந்து, அதைத் தன் மடியில் திரட்டித் தரும். அப்பாலைக் குடிக்கும் குழந்தையின் தைராய்டுச் சுரப்பியில் அது போய்ச் சேரும். அதன் அரை ஆயுள் எட்டே நாள்; அந்த எட்டு நாளில் அறிந்தால் குழந்தையைக் காக்கலாம்.

1957ஆம் ஆண்டு அக்டோபரில் இங்கிலாந்தின் விண்ட்ஸ்கேல் என்னுமிடத்தில் ஓர் உலை தீப்பற்றியது. அது மின் நிலையமன்று. அணுகுண்டுக்குப் புளூட்டோனியம் செய்த உலை. அங்கே பாலை அளந்து பார்த்துத்தான், ஏறத்தாழ 500 சதுர கிலோமீட்டர் பரப்பில் பாலைக் கொட்டச் சொன்னார்கள். அந்த உலையின் புகைபோக்கி உச்சியில் வடிகட்டி வைத்தே ஆகவேண்டும் என்று முன்னரே வற்புறுத்தியவர் ஜான் காக்கிராஃப்ட் என்னும் இயற்பியல் அறிஞர். வீண் செலவு என்று பிறர் அதைக் 'காக்கிராஃப்டின் மடமை' என்றே அழைத்தார்களாம். தீப்பற்றிய நாளில், அந்த மடமைதான் வெளியேறவிருந்த தூசியில் பெரும்பகுதியைப் பிடித்து நிறுத்தியது.

அளந்தும் சொல்லாத கதைகள்

1986 ஏப்ரல் 28. சுவீடன் நாட்டு ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் ஓர் ஊழியர் கண்காணிப்புக் கருவியைக் கடந்தபோது அபாயமணி ஒலித்தது. அவர் காலணியில் கதிரியக்கம்! தம் நிலையத்தில்தான் கசிவு என்று பதறித் தேடினார்கள். அங்கே கசிவு இல்லை. ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர் தொலைவில், இரண்டு நாள் முன்பு வெடித்த செர்னோபில் உலையிலிருந்து வந்த தூசி அது. சுவீடன் கேட்ட பிறகே, அன்று மாலை சோவியத் அரசு தன் விபத்தை உலகுக்குச் சொன்னது. இதனிடையே அச்சுற்றுவட்டாரத்துக் குழந்தைகள் வழக்கம்போல் பால் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவ்விபத்தின்போது குழந்தைகளாகவும் சிறார்களாகவும் இருந்தவர்களிடம் 2005ஆம் ஆண்டுவரை 6,000க்கும் மேற்பட்ட தைராய்டுப் புற்றுநோய்கள் கண்டறியப்பட்டன. அவற்றில் கணிசமான பங்குக்கு அந்தப் பாலே காரணமாக இருந்திருக்கும் என்று ஐக்கிய நாடுகளின் அறிவியல் குழு கூறியது.

அது இரும்புத்திரை நாடு என்பீர்கள். ஜப்பான்? 2011 மார்ச் 11 அன்று நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் ஃபுகுஷிமா நிலையத்தைத் தாக்கின. அம்மாநிலத்துக் கண்காணிப்பு நிலையங்கள் 24இல் 23 செயலிழந்தன. காற்று எப்பக்கம் கதிரியக்கத்தைக் கொண்டுசெல்லும் என்று கணிக்கும் கணிப்பொறி ஏற்பாடு ஒன்றும் அரசிடம் இருந்தது; அதன் முடிவுகள் உரிய நேரத்தில் மக்களைச் சேரவில்லை. நமியே என்னும் ஊர் மக்கள் வடமேற்கே புறப்பட்டுப் போய்த் தங்கினார்கள். காற்றும் அதே திசையில் போயிற்று. கையில் விளக்கிருந்தும் இருட்டில் நடந்த கதை இது.

நம் நாட்டிலும் இரண்டு நிகழ்ச்சிகள் உண்டு. இரண்டும் ஊழியரைத் தொட்டவை. 2003 ஜனவரியில் கல்பாக்கத்து மறுசெயலாக்க ஆலையில், ஒரு வால்வு பழுதாகி, கதிரியக்கம் மிகுந்த கழிவு வரக்கூடாத தொட்டிக்கு வந்துவிட்டது. அதை உடனே காட்டும் கருவி அவ்விடத்தில் இல்லை. ஊழியர் ஆறு பேர் அளவுக்கு மீறிய கதிர்வீச்சுக்கு ஆளானார்கள். செய்தி பொதுமக்களுக்குத் தெரிய ஏறக்குறைய ஆறு மாதம் ஆயிற்று. 2009 நவம்பரில் கர்நாடகத்துக் கைகா நிலையத்தில், குடிநீர்க் கலனில் யாரோ டிரிட்டியம் கலந்த கனநீரைச் சேர்த்துவிட்டார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட ஊழியர் அந்நீரைக் குடித்திருந்தனர். வழக்கமாக எடுக்கும் சிறுநீர்ச் சோதனை அதைக் காட்டிக்கொடுத்தது. சில நாட்களிலேயே நாடறிந்தது. முன்னதில் அளவும் இல்லை, அறிவிப்பும் இல்லை. பின்னதில் அளந்தார்கள், அறிவித்தார்கள். எந்த நிகழ்ச்சி மக்கள் நம்பிக்கையைக் குலைத்திருக்கும், எது காத்திருக்கும் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

ஒரு புட்டி நீர்

இங்கே என் வீட்டுக் கதை ஒன்றையும் சொல்லவேண்டும். நான் தருமபுரி மாவட்டத்துச் சிற்றூரைச் சேர்ந்தவன். எங்கள் பக்கத்துக் கிணற்று நீரில் ஃபுளோரைடு மிகுதி என்பது இன்று உலகறிந்த செய்தி. என் பற்களில் படிந்துள்ள பழுப்புக் கறையும், நிமிர்ந்து நடக்க முடியாத என் பாட்டியின் முதுகும் அதற்குச் சாட்சி. நான் நான்காம் வகுப்பில் படிக்கும்போது இருவர் வந்து எங்கள் தெருக் குழாய் நீரைப் புட்டியில் பிடித்து, சீட்டு ஒட்டி எடுத்துச் சென்றார்கள். "முடிவு வந்ததும் சொல்லி அனுப்பறோம்" என்றார்கள். அம்மா எத்தனையோ நாள் கேட்டுப் பார்த்தார். முடிவு வரவே இல்லை. நாங்கள் அதே நீரைக் குடித்துக்கொண்டிருந்தோம். பின்னாளில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்து எங்களைக் காத்தது. ஆனால் அந்தப் புட்டியில் எழுதியிருந்த எண் என்ன என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

எங்கோ ஒரு பதிவேட்டில் அது இருக்கும். அளந்தவர் பொய் சொல்லவில்லை. சொல்லவே இல்லை, அவ்வளவுதான். எங்கள் தெருவைப் பொறுத்தவரை, சொல்லாத அளவும் அளக்காத நீரும் ஒன்றே.

நாம் கேட்பது

அணுமின் நிலையங்களின் நிலை என்ன? நியாயமாகவே பேசுவோம். 1983ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம், பொதுமக்களுக்கு இயற்கைக்கு மேற்பட்டு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட் என்னும் வரம்பை விதித்துள்ளது. நிலையங்களைச் சுற்றி வாழ்வோர் பெறுவது அவ்வரம்பில் ஒரு சிறு பகுதியே என்று அதன் ஆண்டறிக்கைகள் கூறுகின்றன. அதை மறுக்க என்னிடம் சான்று இல்லை. என் குறை வேறு. அவ்வறிக்கைகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் வருகின்றன. கூடங்குளத்து மீனவர் வீட்டிலும், கல்பாக்கத்துப் பால்காரர் வீட்டிலும், நம் தம்பியின் அண்ணன் தங்கியிருக்கும் கொட்டகையிலும் பேசும் மொழி தமிழ். எந்த வீட்டுப் பசுவின் பாலை அளந்தார்களோ, அந்த வீட்டுக்கு அந்த எண் தமிழில் போய்ச் சேரவேண்டாமா?

ஆகவே மூன்றைக் கேட்கிறேன்.

ஒன்று: நிலையத்தைச் சுற்றியுள்ள ஒவ்வோர் ஊராட்சி அலுவலகச் சுவரிலும், நியாயவிலைக் கடை முன்பும், அவ்வூரின் பால், மீன், குடிநீர், காற்று ஆகியவற்றின் அளவுகளை மாதந்தோறும் தமிழில் எழுதி வைக்கவேண்டும். பக்கத்திலேயே வரம்பும், உலை வருவதற்கு முன்பிருந்த அளவும் இருக்கவேண்டும்.

இரண்டு: வேறொருவரும் அளக்கவேண்டும். மின்சாரம் செய்வது அணுசக்தித் துறையின் நிறுவனம். சுற்றுப்புறத்தை அளப்பதும் அதே துறையின் ஆய்வகம். நம் செய்முறைத் தேர்வுக்கு வெளிக்கல்லூரியிலிருந்து புறத்தேர்வாளர் வருகிறாரே, நம் ஆசிரியர்மீது நம்பிக்கை இல்லாமலா வருகிறார்? ஊரார் கண்ணுக்கு மதிப்பெண் ஐயமற்று விளங்கவேண்டும் என்பதற்காக வருகிறார். பிரான்சு நாட்டில் அணுமின் நிலையங்களையொட்டி உள்ளூர்த் தகவல் குழுக்கள் 1981 முதல் அமைக்கப்பட்டன. 2006இல் சட்டமே அவற்றை உறுதி செய்தது. ஜப்பானில் 2011க்குப் பின் 'சேஃப்காஸ்ட்' என்னும் தன்னார்வக் குழுவினர் தாமே கருவி செய்து, தெருத்தெருவாக அளந்து, எண்களை எல்லாரும் காண வெளியிட்டார்கள். நெல்லையிலும் செங்கற்பட்டிலும் நம்மைப் போன்ற கல்லூரிகள் இல்லையா? இயற்பியல் துறைகள் இல்லையா? பயிற்சியும் கருவியும் தந்தால் மாணவர்கள் அளக்கமாட்டார்களா?

மூன்று: வழக்கத்துக்கு மாறாக ஏதேனும் வெளியேறினால், அது வரம்புக்கு உட்பட்டதாகவே இருந்தாலும், அன்றைக்கே சொல்லிவிடவேண்டும். மடியில் கனமில்லை என்றால் வழியில் பயமெதற்கு?

"பாமர மக்களுக்கு எண்களைச் சொன்னால் பீதியடைவார்கள்" என்று சிலர் கூறுவர். என் தந்தையார் கையெழுத்துப் போட மட்டும் அறிந்தவர். சர்க்கரை நோய் வந்த பிறகு, சாப்பிடுமுன் எவ்வளவு இருக்கலாம், பின் எவ்வளவு இருக்கலாம் என்று அவர் ஊராருக்கே வகுப்பெடுக்கிறார். 'மில்லிகிராம்' என்னும் சொல்லைக் கண்டு அவர் ஒருநாளும் பீதியடைந்ததில்லை. தம் உடம்பைப் பற்றிய எண் என்றால், எவரும் கற்றுக்கொள்வார். மில்லிசீவர்ட் மட்டும் என்ன விதிவிலக்கா? அச்சம் பிறப்பது எண்ணால் அன்று; எண்ணைக் கேட்டவனுக்கு "உனக்கெதற்கு?" என்று வரும் பதிலால்.

தம்பி, அன்று நீ கேட்டதற்கு இதோ விடை. அளக்கிறார்கள், நன்றாகவே அளக்கிறார்கள் என்று நம்ப இடமுண்டு. உன் அண்ணனிடம் சொல்வார்களா என்ற கேள்விக்கு மட்டும் இன்னும் 'ஆம்' என்று என்னால் எழுத முடியவில்லை. நம் தலைமுறையில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் பலர். நாம் கற்றது, எங்கோ பதிவேட்டில் உறங்கும் எண்களை நம் வீட்டுத் திண்ணைக்குக் கொண்டுவந்து, நம் அம்மாவுக்குப் புரியும் மொழியில் படித்துக் காட்டுவதற்காகவும்தான் என்று நான் நினைக்கிறேன்.

அடுத்த முறை சொற்போர் மேடையில் என்னை எந்த அணியில் சேர்த்தாலும், முதலில் இதைத்தான் சொல்வேன்: அளந்ததைச் சொல்லுங்கள்!